கேட்டவர் வாக்கு

சீடன்: சுவாமி, ஒரே இசைத்தட்டைக் கேட்டவர்களுள் ஒருவர் கண்ணீர் விட்டேன் என்கிறார், மற்றொருவர் பாதியிலேயே எழுந்துவிட்டேன் என்கிறார். ஜெர்மானிய மேதை யோஹான் செபாஸ்டியன் பாக் இயற்றிய பி மைனர் மாஸ் என்னும் திருப்பலி இசையை, கார்ல் ரிக்டர் தம் மியூனிக் பாக் பாடற்குழுவைக் கொண்டு 1961-இல் பதிவு செய்தாரே, அந்தத் தட்டுக்களைப் பற்றித்தான் சொல்கிறேன். தெய்வ சந்நிதியில் நின்றதுபோல் இருந்தது என்று உருகுகிறவர்கள் உண்டு. ஒலி மிகக் கனத்துவிட்டது, காலப்பிரமாணம் மிகவும் தாழ்ந்துவிட்டது, பாக் வாழ்ந்த நூற்றாண்டுக்கு இது சற்றும் பொருந்தாது என்று தள்ளுகிறவர்களும் உண்டு. இவர்களுள் யார் கேட்டது உண்மை?

குரு: அப்பனே, உருகினவர் எந்த இடத்தில் உருகினார், எழுந்து போனவர் எந்த இடத்தில் எழுந்தார் என்று விசாரித்தாயா? அதை விசாரியாமல் யார் பக்கம் உண்மை என்று கேட்பது, சாட்சியை விசாரிக்கும் முன்பே தீர்ப்பைக் கேட்பதாகும்.

சீடன்: விசாரித்தேன், சுவாமி. இருதரத்தாரும் பெரும்பாலும் தொடக்கத்தையே சொல்லுகிறார்கள்.

குரு: அது இயல்புதான். தொடக்கத்தில் நான்கே தாளவட்டங்களுக்குள் ஐந்து குரல்வகையும் ஒருசேர, ஆண்டவரே இரங்கும் என்று மும்முறை கூவி அடங்குகின்றன. அதன்பின் நெடுநேரம் வாத்தியங்கள் மாத்திரமே ஒரு வளைந்து செல்லும் ஸ்வரக்கோவையை எடுத்து நடத்துகின்றன. அது முடிந்த பிறகுதான் டெனார் குரல் தனியே அதே கோவையைத் தொட, அதைத் தொடர்ந்து மற்றக் குரல்கள் ஒவ்வொன்றாக வந்து சேர்கின்றன. ரிக்டர் இந்த ஒரு பகுதிக்கே பத்து நிமிஷத்துக்கு மேல் எடுத்துக்கொள்கிறார். நிலையை விட்டுத் தேர் அசையும்போது முதலில் ஒன்றும் நகராததுபோலவே தோன்றி, பிறகு தெருவே நகர்வதுபோல் தோன்றுமல்லவா, அவ்வளவு பாரமும் அவ்வளவு நிதானமும் அந்த நடையில் இருக்கின்றன. பொறுத்து இருந்தவனுக்கு ஒவ்வொரு குரலும் உள்ளே வரும் கணம் ஒரு மனிதன் வந்து மண்டியிடுவதாகப் படுகிறது. பொறுக்க முடியாதவனுக்குத் தந்தி வாத்தியங்களின் நீட்டிய இழுப்பும் பெருங்குழுவின் திரண்ட ஓசையும் உட்குரல்களை மூடிவிட்டதாகப் படுகிறது. இரண்டும் அந்தத் தட்டில் உள்ளவையே. ஆகையால் இருவர் செவியையும் நான் பொய் என்று சொல்ல மாட்டேன்.

சீடன்: ஆனால் எழுந்து போனவர் தம் பக்கம் சரித்திரம் இருக்கிறது என்கிறாரே! 1733-இல் பாக் இதன் முதற் பகுதிகளான கீரியேயையும் குளோரியாவையும் சாக்ஸனி நாட்டு அரசருக்குச் சமர்ப்பித்து, அரசவைப் பட்டம் வேண்டி விண்ணப்பித்தபோது அனுப்பிய பாடகர் ஏடுகளில் ஒவ்வொரு குரலுக்கும் ஒவ்வோர் ஏடுதான் இருக்கிறது. ஆகவே ஒரு குரலுக்கு ஒருவரே பாடியிருக்க வேண்டும் என்று அமெரிக்கரான ஜாஷுவா ரிஃப்கின் 1981-இல் வாதித்து, அடுத்த ஆண்டே அந்த முறையில் ஒரு தட்டையும் வெளியிட்டார். அதைக் கேட்ட பிறகு ரிக்டருடைய பெருங்குழு எழுந்து போனவருக்கு அந்நியமாகத் தெரிகிறதாம்.

குரு: ரிஃப்கின் வாதம் உழைப்பில் பிறந்தது, அதை எளிதில் தள்ளக்கூடாது. அதை மறுக்கிறவர்களோ, ஓர் ஏட்டை இருவர் மூவர் பார்த்துப் பாடியிருக்கலாகாதா என்று கேட்கிறார்கள். 1730-இல் லைப்ஸிக் நகர சபைக்கு எழுதிய மனுவில் பாக் தாமே ஒரு குரலுக்கு மூவராவது வேண்டும், நால்வர் இருந்தால் இன்னும் நலம் என்று கேட்டிருப்பதையும் எடுத்துக் காட்டுகிறார்கள். அந்த வழக்கு இன்னும் முடிந்தபாடில்லை. ஆனால் நீ சொன்ன ரசிகர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த ஏடுகள் 1733-ஆம் ஆண்டுப் பகுதிக்கு உரியவை. சாங்க்துஸ் என்னும் பகுதியோ 1724-ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸுக்காக இயற்றப்பட்டது. இவற்றையெல்லாம் திரட்டி, புதியனவும் சேர்த்து, முழு நூலாகப் பாக் கட்டியது தம் ஆயுளின் கடைசி ஆண்டுகளில். 1750-இல் அவர் மறைந்தார். முழுமையும் ஒரே தொடராக அவர் காலத்தில் பாடப்பட்டதற்குச் சான்று இல்லை. அவர் புதல்வர் கார்ல் பிலிப் இமானுவேல் 1786-இல் ஹாம்பர்க் நகரில் விசுவாசப் பிரமாணப் பகுதியை மாத்திரம் அரங்கேற்றினார். முழு நூலும் அச்சேறி முடிவதற்கே 1845 ஆயிற்று. எந்த ஒலிக்கு நாம் விசுவாசமாக இருக்க வேண்டும் என்று அந்த ரசிகர் சொல்லுகிறாரோ, அந்த முழுமையின் ஒலி இயற்றியவர் செவியிலேயே விழுந்ததற்குச் சான்று இல்லாத ஒலி.

சீடன்: அப்படியானால் யார் எப்படிப் பாடினாலும் தகும் என்று ஆகிவிடாதா?

குரு: ஆகாது. பாக் எழுதிய தாரைகள் வால்வு இல்லாத இயற்கைத் தாரைகள் என்பதும், அவர் காலத்துப் புல்லாங்குழல் மரத்தால் ஆனதும் மென்மையானதும் என்பதும், அவர் தாளங்கள் பல நடனத்தின் வழி வந்தவை என்பதும் நமக்குத் தெரிந்த செய்திகள். இவை தெரிந்தும் காதில் வாங்காமல் இருப்பது சோம்பல். ரிக்டரும் இவற்றை அறியாதவர் அல்லர். பாதிரியாரின் மகனாகப் பிறந்து, டிரெஸ்டன் நகரப் பாடசாலையில் சிறுவர் குழுவில் பாடி வளர்ந்து, லைப்ஸிக்கில் கார்ல் ஸ்ட்ரௌபெ, குந்தர் ராமின் ஆகியோரிடம் ஆர்கன் பயின்று, பாக் பணியாற்றிய புனித தோமா ஆலயத்திலேயே ஆர்கன் வாசித்துவிட்டு, 1951-இல் மியூனிக்குக்கு வந்தவர் அவர். அங்கே அவர் திரட்டிய குழுவில் தொழில்முறைப் பாடகர்கள் மிகக் குறைவு. பகலெல்லாம் வேறு வேலை பார்த்து மாலையில் ஒத்திகைக்கு வரும் சாமானியர்களே நிறைந்திருந்தார்கள். அந்தத் தட்டின் பலமும் பலவீனமும் அங்கேதான் இருக்கின்றன. தனித்தனிக் குரலாக எடுத்தால் அவற்றில் ரிஃப்கின் பாடகர்களின் மெருகு இல்லை. ஆனால் தாம் பாடும் சொல்லைத் தம் வாழ்வோடு ஒட்டிப் பாடும் ஜனத்தின் ஓசை இருக்கிறது. இரங்கும் என்ற வேண்டுதலை ஒருவன் சொல்வது ஒருவகை. ஒரு சபை சொல்வது மற்றொரு வகை. ரசிகர்களின் பூசல் உண்மையில் இதைப் பற்றியதென்றே நான் எண்ணுகிறேன். ஏட்டின் எண்ணிக்கை அதற்குக் கிடைத்த வாய்ப்பான ஆயுதம்.

சீடன்: இன்னும் ஒரு ஐயம், சுவாமி. உருகினவர்களுள் பெரும்பாலோர் இளமையில் முதன்முதல் கேட்டது இந்தத் தட்டையே. அவர்கள் கண்ணீர் பாக்கின் இசைக்கா, தங்கள் இளமைக்கா?

குரு: நல்ல கேள்வி. முதலில் கேட்டது வாசனையாக உள்ளே படிந்துவிடுகிறது. பின்னர்க் கேட்பதையெல்லாம் மனம் அதனோடு ஒத்துப் பார்த்தே ஏற்கிறது அல்லது தள்ளுகிறது. அரங்கில் கேட்ட கச்சேரி மறந்து மங்கிவிடும். தட்டோ ஒவ்வொரு முறையும் அதே மூச்சு, அதே இடைவெளி, அதே இருமலோடு திரும்ப வருவதால், அந்த வாசனை மேலும் மேலும் இறுகுகிறது. கடைசியில் ரிக்டரின் காலப்பிரமாணமே பாக்கின் காலப்பிரமாணம் என்று மனம் உறுதி கொள்கிறது. இது பந்தம்தான், மறுக்கவில்லை. ஆயினும் அந்தப் பந்தத்தின் வழியாகத்தானே அவர்கள் இந்த இசைக்குள் நுழைந்தார்கள்? வாசனையே இல்லாத செவி எதையும் கேட்பதில்லை. தன் வாசனை இன்னது என்று அறிந்து கேட்கிறவனுக்கும் அறியாமல் கேட்கிறவனுக்கும் உள்ள வேறுபாட்டைத்தான் நான் பார்க்கிறேன்.

சீடன்: அதை எப்படிக் கண்டுகொள்வது?

குரு: இடத்தைச் சுட்டச் சொல். மகத்தானது, தெய்விகமானது, காலத்துக்கு ஒவ்வாதது என்ற சொற்களை எந்தத் தட்டுக்கும் எழுதிவிடலாம். சிலுவையில் அறையுண்டதைப் பாடும் பகுதியை எடுத்துக்கொள். அதில் அடிக்குரல் வாத்தியம் அரைச்சுரம் அரைச்சுரமாக இறங்கும் நான்கு தாளவட்டக் கோவையைப் பதின்மூன்று முறை திரும்பத் திரும்ப வாசிக்கிறது. பன்னிரண்டு முறை வரையில் புல்லாங்குழலும் தந்திகளும் மாறி மாறிப் பெருமூச்சு விடுவதுபோல் மேலே ஒலிக்கின்றன. பதின்மூன்றாம் முறையில் அவை நின்றுவிடுகின்றன. குரல்களும் அடிக்குரல் வாத்தியமும் மாத்திரம் தாழ்ந்து, மெலிந்து, அடக்கம் செய்யப்பட்டார் என்ற சொல்லில் எதிர்பாராத மேஜர் ஸ்தானத்தில் இறங்கி நிற்கின்றன. உடனே அடுத்த பகுதி, முன்னுரையாக ஒரு ஸ்வரமும் இன்றி, உயிர்த்தெழுந்தார் என்று தாரைகளோடும் முழுக்குழுவோடும் வெடித்தெழுகிறது. ரிக்டர் தட்டில் அந்தப் பதின்மூன்றாம் சுற்றில் அத்தனை பேர் சேர்ந்து குரலைத் தாழ்த்துகிறார்கள். இத்தனை பேர் ஒருங்கே அடங்குவதன் வலியை, குரலுக்கு ஒருவராகப் பாடுகிறவர்களால், அவர்கள் எவ்வளவு நன்றாகப் பாடினாலும், தர இயலாது. இது என் செவியின் வாக்கு. ஆனால் எந்த இடம் என்று காட்டிவிட்டேன். நீயே போய்க் கேட்டு என்னை மறுக்கலாம்.

சீடன்: கடவுள் நம்பிக்கை இல்லாத ஒருவர் அதே இடத்தில் அழுததாகச் சொன்னார். நம்பிக்கையோடு இதற்குச் சம்பந்தமே இல்லை, இது வெறும் மனித சோகம் என்பது அவர் முடிவு.

குரு: அவர் கண்ணீரை நான் ஐயுறவில்லை. அவருக்குச் சாதகமாக ஒரு செய்தியும் உண்டு: அந்தப் பகுதியின் இசை, வைமார் நகரில் 1714-இல் பாக் இயற்றிய ஒரு கண்டாட்டாவிலிருந்து எடுக்கப்பட்டது, அங்கே அது அழுகையையும் புலம்பலையும் கவலையையும் அச்சத்தையும் பாடியது. ஆனால் அவர் முடிவை நான் ஏற்கவில்லை. பழைய இசையில் பன்னிரண்டு சுற்றே இருந்தது. அதைப் பதின்மூன்றாகப் பெருக்கியது இந்த நூலுக்காகவே முதியவரான பாக் செய்தது. அதுவும் போதாதென்று, மனித அவதாரத்தைப் பாடும் பகுதியைத் தனித்தாளில் புதிதாக எழுதி இடையில் செருகினார். அதனால் விசுவாசப் பிரமாணத்தின் ஒன்பது பகுதிகளில் சிலுவைப் பகுதி ஐந்தாவதாக, நட்ட நடுவில் வந்து அமைந்தது. நம்பிக்கையின்றி அழுவதற்கு அவருக்கு உரிமை உண்டு. அவரை அழவைத்த அந்த அமைப்பு நம்பிக்கையால் அமைக்கப்பட்டது என்பதை மறுக்க உரிமையில்லை.

சீடன்: முடிவாகக் கேட்கிறேன். இரண்டில் எதை வைத்துக்கொள்வது?

குரு: இருவர் சேர்ந்து பாடும் பகுதிகளுக்கும், துள்ளி ஓடும் கூட்டுப்பாடல்களுக்கும் ரிஃப்கினைக் கேள்; அங்கே உட்குரல்கள் ஒவ்வொன்றும் தெளிந்து வருகின்றன, ரிக்டர் அவற்றை இழந்துவிடுகிறார். முதல் கீரியேக்கும், சிலுவைப் பகுதிக்கும், சமாதானம் வேண்டி முடியும் கடைசிப் பாடலுக்கும் ரிக்டரை வைத்துக்கொள். இம்மூன்று இடங்களிலும் அவரை மிஞ்சிய ஒரு பதிவை நான் கேட்டதில்லை.