கால் சொல்லாதது

மைசூரு தேவராஜ மார்க்கெட்டில் பூக்கடை வரிசையைக் கடந்து பழக்கடைப் பக்கம் திரும்பும்போது அம்மாவின் இடது செருப்பு கழன்று பின்னால் கிடந்தது. அவர் நடந்துகொண்டே இருந்தார். "அம்மா, நிம்ம சப்பலி!" என்று பூக்காரம்மா கூவிய பிறகுதான் நின்றார். திரும்பி முதலில் செருப்பைப் பார்த்தார். அதன் பிறகுதான் குனிந்து தன் காலைப் பார்த்தார்.

அம்மாவுக்குப் பல வருடச் சர்க்கரை. வழக்கமாகப் பார்க்கும் டாக்டர் செருப்பு கழன்ற கதையைக் கேட்டதும் பாத சிகிச்சை நிபுணரிடம் அனுப்பினார். "காலுக்குன்னு தனியா ஒரு டாக்டரா?" என்று அம்மாவுக்கு ஆச்சரியம். வியாழக்கிழமை போக வேண்டும். மருந்துச் சீட்டு, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை ரிப்போர்ட், தினமும் போடும் செருப்பு மூன்றும் கொண்டுவரச் சொன்னார்கள். அம்மா புதுச் செருப்பைத் துடைத்து வைத்திருந்தார். நான் பழையதை எடுத்துப் பையில் போட்டேன். அடிப்பாகம் எங்கே தேய்ந்திருக்கிறதோ அங்கேதான் பாதம் அதிகம் அழுந்துகிறது. அதை டாக்டர் பார்க்க வேண்டும்.

அங்கே நைலான் இழை ஒன்றால் உள்ளங்காலில் பல இடங்களில் தொட்டுப் பார்ப்பார்கள். 10 கிராம் அழுத்தம் விழும்போது அந்த இழை வளையும். வளைந்தும் தெரியவில்லை என்றால், அந்த இடத்தில் கண்ணாடிச் சில் குத்தினாலும் தெரியாமல் போகலாம்.

மார்க்கெட்டில் அவர் பார்த்தது முதலில் செருப்பை, பிறகுதான் தன் காலை. கால் வெறுங்காலாகிவிட்டதை அவருக்குக் கண்தான் சொல்லியிருக்கிறது. ஒரு காலில் செருப்பு, மறு காலில் மார்க்கெட்டின் ஈரத் தரை. இந்த வித்தியாசம் அவரை எட்டவே இல்லை.

டாக்டர் கேட்கக்கூடியதை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு அம்மாவிடம் உட்கார்ந்தேன். வலி இருக்கா? எரிச்சல், மதமதப்பு? எல்லாவற்றுக்கும் ஒரே பதில்: "ஒண்ணுமில்லடி." இந்தப் பதிலை நான் சிறுவயதிலிருந்து கேட்டு வருகிறேன்.

ஆஷாட வெள்ளிகளில் அம்மா சாமுண்டி மலைக்குப் படியேறுவார். 17ஆம் நூற்றாண்டில் தொட்ட தேவராஜ உடையார் போட்ட படிகள், ஆயிரத்துச் சொச்சம். ஒவ்வொரு படியிலும் குனிந்து மஞ்சளும் குங்குமமும் வைத்தபடி வெறுங்காலோடு ஏறுவார். வழியில் நந்தி சிலை வரும்போதே என் கால் கெஞ்சும். "உனக்கு வலிக்கலையாம்மா?" "ஒண்ணுமில்லடி." ஆனால் மறுநாள் காலை அடுக்களையில் குதிகாலைத் தரையில் படவிடாமல் நடப்பார். வாய் மறைத்ததைக் கால் சொல்லிவிடும். எனக்கு முள் குத்தினால் அவர் ஊக்கோடு வருவார். "எங்க வலிக்குது, சொல்லு." நான் 'ஆ' என்று கத்தும் இடத்தில்தான் முள் இருக்கும். கத்தாத காலில் முள்ளை எப்படித் தேடுவது?

எப்போதோ படித்த டாக்டர் பால் பிராண்ட் நினைவுக்கு வந்தார். 1914இல் பிறந்து, சிறுவயதில் கொல்லிமலையில் வளர்ந்து, 1946இல் வேலூர் சிஎம்சிக்கு வந்த அறுவை மருத்துவர். தொழுநோயாளிகளின் பாதம் தானாக அழுகிப் போவதில்லை, உணர்ச்சி போனதால் காயத்தின் மேலேயே நடந்து நடந்து அது சிதைகிறது என்று காட்டியவர். சர்க்கரையால் நரம்பு பழுதான பாதத்துக்கும் இதே கதிதான். பின்னாளில் அமெரிக்காவில், போன வலிக்கு மாற்றாக அவரது குழு ஒரு கருவி செய்து பார்த்தது. அழுத்தம் கூடினால் முதலில் ஒலி. யாரும் பொருட்படுத்தவில்லை. பிறகு மின் அதிர்ச்சி. ஆபத்தான வேலையைச் செய்ய வேண்டியிருந்தபோது நோயாளிகள் அதை அணைத்துவிட்டு அந்த வேலையையே செய்தார்கள். அணைக்க முடியாததாக இருப்பதால்தான் வலியின் பேச்சு எடுபடுகிறது என்று அதிலிருந்து புரிந்துகொண்டேன்.

இனி அம்மாவின் கால் சொல்லாததை நான் சொல்ல வேண்டியிருக்கும். தினமும் இரவில் உள்ளங்காலையும் விரலிடுக்கையும் விளக்கடியில் பார்ப்பது, வீட்டுக்குள்ளும் செருப்பு போடச் சொல்வது, படியேறாதே என்பது. நானும் அணைக்கக்கூடிய கருவிதானே? "ஒண்ணுமில்லடி" என்ற ஒரே சொல்லில் என்னை அணைத்துவிடுவார்.

அவர் பொறுத்துக்கொண்டதையெல்லாம் நாங்கள் பெருமையாகப் பேசியே வளர்ந்தோம். முதலில் செருப்பைப் பார்த்த அந்தப் பார்வைக்குப் பிறகு அந்தப் பெருமையை என்னால் பழையபடி பேச முடியவில்லை. எந்த வருடம் வரை அது பொறுமை, எந்த வருடத்திலிருந்து உணர்ச்சியின்மை? இரண்டுக்கும் ஒரே முகம், ஒரே பதில்.

பாதத்தில் எந்தெந்த இடம் உணர்விழந்திருக்கிறது என்று அந்த இழை காட்டிவிடும். பொறுத்துப் பொறுத்தே எழுபதை எட்டியவரிடம் தினமும் "வலிக்குதா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பது காவலா, அவருடைய நிம்மதியைப் பறிப்பதா? இதையும் நோட்டின் கடைசியில் எழுதியிருக்கிறேன். வியாழக்கிழமை இதைக் கேட்பேனா என்று தெரியவில்லை. யாரிடம் கேட்க வேண்டிய கேள்வி என்பதும் எனக்கு இன்னும் தெளிவாகவில்லை.