அவகாசம் யார் கணக்கில்?

ஒரு லிட்டர் நீரில் கரைந்திருக்கும் உப்பு 2,100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. ஆற்றில் கழிவுநீர் விடும் ஆலைகளுக்குத் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் விதித்த வரம்பு இது. ஆய்வுக்கூடத்தில் இது வெறும் எண். நொய்யல் கரையில் அது ஓர் அறக்கேள்வி: மேலே இருப்பவர் பிழைப்பதற்காகக் கீழே இருப்பவர் எவ்வளவு இழக்கலாம்? அந்த அளவை முடிவு செய்யும் உரிமை யாருடையது?

நொய்யல் வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவையையும் திருப்பூரையும் கடந்து, கரூர் மாவட்டத்தில் தன் பெயரையே கொண்ட ஊருக்கு அருகில் காவிரியில் சேர்கிறது. மழையை நம்பிய ஆறு. ஆண்டில் பல மாதங்கள் அதற்குச் சொந்த நீர் கிடையாது. பனியன் ஏற்றுமதி பெருகப் பெருகத் திருப்பூரில் சாயப்பட்டறைகளும் சலவைப்பட்டறைகளும் நூற்றுக்கணக்கில் எழுந்தன. பருத்தித் துணியில் சாயம் ஏற உப்பு வேண்டும். அந்த உப்பு சாயத்தைத் துணியில் ஏற்றுமே தவிர, தான் துணியில் தங்காது. தொட்டியில் கொட்டிய உப்பு அலசும் நீரோடு வெளியே வந்துவிடும். வறண்டு கிடந்த ஆற்றில் ஓடியது அந்த நீர்தான்.

1990களின் இறுதியில் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. சுண்ணாம்பும் ஃபெரஸ் சல்பேட்டும் கலந்து சாயத்தை வண்டலாகப் படிய வைத்தார்கள். உள்ளே போகும்போது கருநீலமாகவோ சிவப்பாகவோ இருந்த நீர், வெளியே வரும்போது பெருமளவு தெளிந்திருந்தது. ஆனால் கரைந்த உப்பை அந்த முறையால் பிரிக்க முடியாது. கண்ணுக்குத் தெரிந்த குற்றம் போயிற்று, நிலத்தைக் கெடுக்கும் குற்றம் அப்படியே நின்றது. சட்டத்துக்குப் பணிந்ததாகக் காட்டுவதும் உண்மையில் தீங்கை நிறுத்துவதும் ஒன்றல்ல. வரம்பின் நோக்கம் இரண்டாவதுதான்.

அந்த உப்பு எங்கே போனது என்பதற்குச் சென்னிமலைக்கு அருகே உள்ள ஒரத்துப்பாளையம் அணை சாட்சி. பாசனத்துக்காகக் கட்டப்பட்டு 1992இல் திறக்கப்பட்ட அணை, சில ஆண்டுகளிலேயே சாயக்கழிவுத் தேக்கமாகிவிட்டது. சுற்றுப்புறக் கிணறுகள் உப்பேறின. அணை வந்தால் வயல் செழிக்கும் என்று காத்திருந்த ஆயக்கட்டு விவசாயிகள், அணையில் தண்ணீரைத் தேக்காதீர்கள் என்று நீதிமன்றத்தின் படியேற வேண்டியதாயிற்று. பாசன விவசாயி தண்ணீர் வேண்டாம் என்று வழக்காடுகிறார் என்றால், மேலே விதித்திருந்த வரம்பு கீழே யாரையும் காக்கவில்லை என்றுதான் பொருள்.

பட்டறைக்காரர்களின் வாதத்தையும் அதன் முழு வலிமையோடு கேட்பதே நேர்மை. பின்னலாடைத் தொழிலை நம்பி லட்சக்கணக்கான குடும்பங்கள் இருக்கின்றன. பல சாயப்பட்டறைகள் கூலிக்குச் சாயம் ஏற்றிக் கொடுப்பவை. துணியும் லாபமும் ஏற்றுமதியாளருடையவை, விலையை வைப்பவரோ கடல் கடந்த வாங்குபவர். இதே விதி இல்லாத வேறு ஊர் குறைந்த கூலி சொன்னால் ஆர்டர் அங்கே போய்விடும். இவை எதுவும் பொய்யில்லை. ஆனால் இந்த வாதம் ஒன்றை மறைக்கிறது: ஆதாயத்தை எண்ணுகிறவரும் இழப்பைச் சுமக்கிறவரும் ஒரே ஆள் அல்ல. தன் நன்மைக்காகத் தன் கிணற்றைக் கெடுத்துக்கொள்பவரை அசட்டுத் துணிச்சல்காரர் எனலாம். அடுத்தவர் கிணற்றைக் கெடுத்துவிட்டு நாட்டுக்கு அந்நியச் செலாவணி வருகிறது என்று சொல்பவருக்கு அந்தப் பெயர் போதாது.

இங்கேதான் ‘அவகாசம்’ என்ற சாதுவான ஏற்பாட்டை உற்றுப் பார்க்க வேண்டும். ஆயக்கட்டு விவசாயிகளின் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2006 டிசம்பரில் பட்டறைகளுக்குக் கெடு வைத்தது. கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியேறாத நிலையை எட்டும்வரை லிட்டருக்கு 6 பைசாவில் தொடங்கி 10 பைசா வரை ஏறும் தொகையைக் கட்டச் சொன்னது. 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மாசுபடுத்துபவரே விலை கொடுக்க வேண்டும் என்ற நெறியை உறுதி செய்து, மூன்று மாதத்தில் முடிக்கச் சொன்னது. அதற்குப் பின்னும் கழிவு ஓடியது. 2011 ஜனவரி 28 அன்று உயர் நீதிமன்றம் எல்லாச் சாயப்பட்டறைகளையும் மூடச் சொன்னது.

ஒவ்வொரு தள்ளிவைப்புக்கும் ஏதோ ஒரு காரணம் இருந்தது. இயந்திரம் வரவில்லை, வங்கிக் கடன் கிடைக்கவில்லை, தொழில்நுட்பம் சரியாக ஓடவில்லை. ஆனால் அந்த மாதங்களை வழங்கியது நீதிமன்றமோ அரசோ அல்ல. அவை கீழே இருந்த விவசாயியின் கணக்கிலிருந்து எடுக்கப்பட்டவை. அவர் கேட்கப்படாமலே கடன் கொடுத்தவர். அந்தக் கடனுக்கு நஷ்டஈடு தரலாம், ஆனால் நஷ்டஈடு விற்பனை ஆகாது. விற்பவர் மறுக்கலாம், இவருக்கு மறுக்க வழியில்லை. ஒரு போக விளைச்சலின் விலையைப் பணமாகக் கணக்கிடலாம். உப்பேறிய மண் தேறுவதற்கான ஆண்டுகளுக்கு எந்த அதிகாரியும் ரசீது போட முடியாது.

அவகாசம் தொழிலாளிக்கும் கருணை ஆகவில்லை. இழுத்தடித்ததன் முடிவு ஒரே நாளில் வந்தபோது, மின் இணைப்புத் துண்டிக்கப்பட்ட பட்டறைகளில் முதலில் கூலி இழந்தவர்கள், உப்பு எங்கே போக வேண்டும் என்று முடிவெடுப்பதில் எந்தப் பங்கும் இல்லாதவர்கள். படிப்படியாக இறுக்கியிருந்தால் அவர்களுக்கு அந்த அதிர்ச்சி வந்திருக்காது. பின்னர் சுத்திகரிப்பு நிலையங்களுக்குத் தமிழக அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் அறிவித்தது. பொதுப்பணம் தனியார் கறையைக் கழுவலாமா? பட்டறைகளுக்கு அனுமதி கொடுத்து, ஏற்றுமதியைக் கொண்டாடிய அரசுக்கும் பங்குண்டு என்ற அளவில் கடனை ஏற்கலாம். அது தள்ளுபடியானால், விலை கொடுப்பவர் மாசுபடுத்தியவராக இல்லாமல் ஊராராக மாறிவிடுவார்.

அப்படியானால் வரம்பை எங்கிருந்து வைப்பது? அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவுக்கு 2010இல் வகுத்த திட்டத்தில் ஒரு நல்ல வரிசை இருக்கிறது. விரிகுடா எவ்வளவு நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் வண்டலையும் தாங்கும் என்று முதலில் கணக்கிட்டார்கள். பிறகுதான் அதை ஆறு மாநிலங்களுக்கும் தலைநகர் வாஷிங்டனுக்கும் பங்கிட்டார்கள். கேட்டுக்கு அதிகக் காரணமான பகுதி அதிகம் குறைக்க வேண்டும் என்றார்கள். குழாய் வழியே கழிவு விடும் நகரச் சுத்திகரிப்பு நிலையங்கள் இலக்கை முன்னதாகவே எட்டின. வயலிலிருந்து வழிந்தோடும் உரமும் சாணமும் பின்தங்கின, 2025 என்ற கெடு தவறியது. அளக்க எளிதானவரிடம் கறாராகவும் அளக்கக் கடினமானவரிடம் தாராளமாகவும் இருக்கும் பழக்கம் அங்கேயும் உண்டு.

நொய்யலுக்கு இதே வரிசையைப் பொருத்தினால் இரண்டு முடிவுகள் கிடைக்கின்றன. சொந்த நீர் இல்லாத ஆறு எதையும் நீர்க்கச் செய்ய முடியாது. ஒவ்வொரு குழாயும் 2,100க்குள் நின்றாலும் குழாய்கள் கூடக் கூட உப்பின் மொத்த எடை கூடிக்கொண்டே போகும். ஆகவே சாய உப்புக்குப் பூஜ்ஜியம் என்பது கொடுமை அல்ல, அந்த ஆற்றின் உண்மை. ஆனால் பட்டறைக்கு மட்டும் பூஜ்ஜியம், நகரங்களின் சாக்கடைக்குக் கேள்வியே இல்லை என்றால் அது நீதியாகாது. மாநகராட்சி விடும் கழிவும் கழிவுதான்.

பூஜ்ஜியமும் இலவசமாக வருவதில்லை. ஆர்.ஓ. சவ்வுகள் நல்ல நீரைப் பிரித்த பின், எஞ்சிய அடர் உப்புநீரை ஆவியாக்க பாய்லர்களில் விறகு எரிகிறது. சோடியம் சல்பேட்டும் உப்புக் கரைசலும் மறுபடியும் சாயத்தொட்டிக்குத் திரும்பினாலும், எதற்கும் உதவாத கலப்பு உப்பு மூட்டைகளாகக் கொட்டகையில் தேங்குகிறது. ஆற்றிலிருந்து எடுத்த தீங்கை இன்னொருவர் நிலத்தில் இறக்கிவைத்தால், பாதிக்கப்படுபவரை மாற்றியதாகுமே தவிர தீங்கைக் குறைத்ததாகாது.

ஆகவே ஒரு வரம்பு நியாயமானதா என்பதைக் கழிவு புறப்படும் இடத்தில் நின்று சோதிக்கக் கூடாது. கடைமடையில் நிற்பவர் அதை ஏற்பாரா என்பதே சோதனை. கெடுவை நீட்டித்தே ஆக வேண்டிய கட்டம் வரலாம். அப்போது, காத்திருக்கப் போகிறவரை முதலில் கேட்க வேண்டும். காத்திருக்கும் காலத்திலேயே, பிறகு அல்ல, அவருக்குரியதைக் கொடுக்க வேண்டும். அந்தச் செலவு சாயம் போடும் கூலியில் ஏறி, ஏற்றுமதியாளரின் பில்லில் ஏறி, கடைசியில் சட்டையை அணிபவரின் விலைச் சீட்டில் ஏறட்டும். இத்தனை காலம் அந்தச் சட்டை மலிவாகக் கிடைத்ததற்கு ஒரு காரணம், மீதி விலையை ஒரத்துப்பாளையம் கட்டியதுதான்.