தூரமும் வினையும்

பதுளைக்குச் செல்லும் புகைவண்டி தெமோதரை நிலையத்தை நீங்கி, குன்றைச் சுற்றி இறங்கி, அந்நிலையத்தின் அடியிலுள்ள சுரங்கத்தின் வழியே செல்லுதலை இவ்வூரார் நாளும் காண்பர். 1924ஆம் ஆண்டில் பதுளையை எட்டிய இவ்விருப்புப்பாதை தேயிலையையும் மக்களையும் சுமந்தது. பிறநாடுகளில் இருப்புப்பாதைகள் பெரும் பீரங்கிகளையும் சுமந்தன.

முதல் உலகப்போரில், 1918 மார்ச்சு 23ஆம் நாள் தொடங்கி, ஜெர்மானியர் ஏறத்தாழ 120 கிலோமீற்றருக்கு அப்பாலிருந்து பாரிசு நகரத்தின்மீது குண்டெறிந்தனர். அம்மாதம் 29ஆம் நாள், பெரிய வெள்ளிக்கிழமை வழிபாட்டின்போது, ஒரு குண்டு சென் ஜெர்வே தேவாலயத்தில் வீழ்ந்து எண்பதின்மருக்கு மேற்பட்டோரைக் கொன்றது. இரண்டாம் உலகப்போரில், 1942ஆம் ஆண்டு செவஸ்தப்போல் முற்றுகையில், 80 சென்ரிமீற்றர் வாயும் ஏறத்தாழ 1350 தொன் நிறையும் உடைய பீரங்கியொன்று இரட்டைத் தண்டவாளப் பாதைமேல் நின்று சுட்டது. அதற்குப் பாதையிட்டோரும், அதனைப் பொருத்தினோரும், காத்தோரும் ஆயிரக்கணக்கினர்.

ஈண்டு ஓர் ஐயம் எழுகின்றது. பாரிசைச் சுட்டவன் தன் குண்டு வீழ்ந்த இடத்தைக் கண்டிலன்; அழுகுரலுங் கேட்டிலன். செவஸ்தப்போலிலோ செயல் ஆயிரவர்பாற் பகுக்கப்பட்டது. தூரத்தாற் பாவம் குறையுமோ? பங்கிட்டால் தேயுமோ?

குறையாது, தேயாது என்பதே எமது துணிபு. வினை மனம் வாக்குக் காயங்களால் ஈட்டப்படுவதென்பது சைவர் அறிந்தது. ஈட்டும் மனம் பீரங்கியின் அருகிலன்றோ நின்றது? குண்டு கடந்த தொலைவை மனம் கடந்ததில்லை. ஒரு கொள்ளியினின்று நூறு கொள்ளி பற்றினும் முதற்கொள்ளியின் வெம்மை குறையாதவாறுபோல, அறிந்து உடன்பட்டோர் ஒவ்வொருவர்க்கும் அவ்வினை உண்டு. கட்டளைக்கு அஞ்சிச் செய்தோன் பழி சிறிதாகலாமெனின், ஆகலாம். அஃது அச்சத்தாற் சிறிதாவதன்றித் தூரத்தாற் சிறிதாவதன்று.

ஆசிரிய அன்பர்காள்! இது படைஞர்க்கே உரிய வினாவென்று விடுத்தல் வேண்டா. "கொழுந்து பறித்தற்கே நீ பிறந்தாய்" என்று லயத்துப் பிள்ளையொருத்தியை நோக்கி நாம் சலிப்பிற் கூறுஞ் சொல், இருபது ஆண்டு கழிந்து, அவள் தன் மகளின் படிப்பை நிறுத்தும் அன்று வீழ்கின்றது. அவ்வழிவை நாம் காண்பதில்லை. ஆயினும் எறிந்தோர் நாமே.

தெமோதரை வண்டி தான் விட்டகன்ற நிலையத்தின் அடிக்கே வருதல்போல, வினையும் செய்தவன்பாலே வந்து சேரும். ஆதலின், பிள்ளைகள்முன் நிற்குந்தோறும் நம் நாவைக் காப்போமாக. அதற்குத் திருவருள் துணைநிற்க.