பொறுத்தலும் பொறுக்க வைத்தலும்

நிலத்தை நம்பி வாழ்ந்து, மழை பொய்த்தமையாலோ கடன் மிகுந்தமையாலோ ஊர்விட்டு ஊர் சென்ற உழவர் குடும்பங்களைப் பற்றிய கதைகள் தமிழில் பல உள. அவற்றைப் படிக்குங்கால் நாம் வியந்து போற்றுவது அம்மக்களின் பொறுமையை. இத்தனை இடர் வந்தும் தளராத நெஞ்சம் என்று மெச்சிவிட்டுப் புத்தகத்தை மூடி வைக்கிறோம். பிறர் மீது சுமத்தப்பட்ட துன்பத்தில் அவர்தம் பொறுமையைப் புகழ்வது அறமாகுமா என்பதே ஈண்டு நான் எடுத்துக்கொண்ட வினா. பொறுமையைப் பெருந்தவமாகக் கொள்ளும் நம்மவர்க்கு இவ்வினா மற்றவரினும் மிகுதியாக உரியது.

தோட்டத் தொழிலாளரிடையே மருத்துவராகப் பணியாற்றிய பி.எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதிய நாவல் 1969-இல் வெளிவந்தது. அதனை இரா. முருகவேள் ‘எரியும் பனிக்காடு’ என்னும் பெயரில் தமிழாக்கினார். 2013-இல் வந்த ‘பரதேசி’ திரைப்படத்திற்கும் அதுவே அடிப்படை. திருநெல்வேலிச் சீமையில் 1920-களில் வாழ வழியற்றுப்போன கருப்பன், வள்ளி என்னும் இளந்தம்பதியர், மேஸ்திரி ஒருவன் காட்டிய முன்பணத்தை நம்பி ஆனைமலைத் தேயிலைத் தோட்டத்திற்குச் செல்கின்றனர். அதன்பின் நிகழ்வன நெஞ்சை உருக்குவன. ஆனால் உருகுவதற்கு முன் கணக்கைப் பார்க்க வேண்டும். டேனியல் அதனை ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். முன்பணம் கடன். வழிச்செலவு கடன். குளிருக்குத் தந்த கம்பளி கடன். அரிசியும் கடன். ஆண்டு முடிவில் கூலியைக் கணக்கிட்டுக் கழித்தால் மீண்டும் கடனே நிற்கும். ஊர் திரும்ப எண்ணியவர் இன்னும் ஓராண்டு இருந்தாக வேண்டும். ஆள் ஒன்றுக்கு இவ்வளவு என்று மேஸ்திரிக்கு மட்டும் தரகுப்பணம் தவறாது சேரும்.

இதற்கும் முன்னரே, 1930-களில், புதுமைப்பித்தன் தம் ‘துன்பக்கேணி’ கதையில் மருதி என்னும் பெண்ணை இலங்கைத் தேயிலைத் தோட்டத்திற்கு அனுப்பிக் காட்டினார். இலங்கையில் தொழிலாளி பட்ட கடனை எழுதிய சீட்டுக்குத் ‘துண்டு’ என்று பெயர். அத்துண்டை வேறொரு தோட்டத்தார் பணம் கட்டி மீட்டால் ஆளும் அதனுடனேயே கைமாறுவான். 1921-இல் சட்டம் அம்முறையை ஒழித்தது, கடன் ஒழிந்தபாடில்லை.

இனி நம் நூல்களுக்கு வருவோம். துறவியர் வெல்லவேண்டிய இருபத்திரண்டு பரீஷஹங்களைத் தத்வார்த்த சூத்திரம் கூறுகிறது. பசி, நீர்வேட்கை, குளிர், வெப்பம், கொசு முதலியவற்றின் கடி என்று அது தொடங்கும். நெடுவழி நடத்தல், கரடான படுக்கை, வசைச்சொல், அடி, பெறாமை, நோய், உடலழுக்கு ஆகியனவும் அதில் உண்டு. இப்பட்டியலை அருகில் வைத்துக்கொண்டு அந்நாவலைப் படித்துப் பாருங்கள். தோட்டத்து மக்கள் பட்டவை ஏறத்தாழ இவையே. கொசுக்கடி முனிவர்க்கு ஒரு சோதனை; ஆனைமலையிலோ அது மலேரியாவாகிக் குடும்பம் குடும்பமாக உயிர் குடித்தது. துன்பங்கள் ஒன்றாயிருக்க, வேறுபடுவது யாது? முனிவர் தாமே விரும்பி ஏற்கிறார். வேண்டாமென்றால் இல்லறத்திற்குத் திரும்ப அவர்க்குத் தடையில்லை. கருப்பனுக்கோ திரும்பும் வழி அடைக்கப்பட்டிருந்தது. நம் ஆசாரியர்கள் இவ்வேறுபாட்டை நன்கறிந்தே, விருப்பமின்றி நேர்ந்த துன்பத்தை அமைதியுடன் பொறுப்பதால் உண்டாகும் வினை உதிர்ப்புக்கு அகாம நிர்ஜரை என்று தனிப்பெயர் இட்டனர். அதற்கும் பயன் உண்டு என்றனர். ஆயினும் அதனைத் தவம் என்று சொல்லவில்லை.

“அவரவர் முன்வினை, நாம் என்ன செய்ய இயலும்?” என்று கூறுவோர் நம்மிடையே உண்டு. நல்லவர்களே இதனைச் சொல்லக் கேட்டிருக்கிறேன். இது பாதி உண்மை. துன்புறுவோனுக்கு அது பழவினையின் பயனாக இருக்கலாம். துன்புறுத்துவோனுக்கு அது புதுவினை அன்றோ? பிறர்க்குத் துயரம், கதறல், அழுகை முதலியவற்றை உண்டாக்குதல் அசாதா வேதனீய வினை ஊற்றெடுக்கக் காரணம் என்று அதே சூத்திரம் ஐயமறக் கூறுகிறது. உயிர்களிடத்து இரக்கமும் கொடையும் சாதா வேதனீயத்திற்குக் காரணம் என்பது அதற்கு அடுத்துச் சொல்லப்படுவது. வினைக்கோட்பாடு கைகட்டி நிற்பதற்குச் சொல்லப்பட்டதன்று.

இன்னும் நேராக ஒன்று. கொல்லாமை அணுவிரதத்திற்கு ஐந்து அதிசாரங்கள்: கட்டிவைத்தல், அடித்தல், உறுப்பறுத்தல், அளவுக்கு மீறிச் சுமையேற்றுதல், உணவும் நீரும் தடுத்தல். இவற்றை விளக்கும்போது வண்டிமாட்டையே எடுத்துக்காட்டுவது வழக்கம். போச்சம்பள்ளிச் சந்தைக்கு வரும் மாடுகளைப் பார்ப்பவர்க்கு அவ்விளக்கம் எளிதில் விளங்கும். ஆனால் முன்பணத்தால் ஒரு குடும்பத்தைப் பிணிப்பது கட்டிவைத்தல் ஆகாதா? கூலியை நிறுத்திவைப்பது உணவைத் தடுத்தல் ஆகாதா? கொத்தடிமை முறையை நம் நாட்டுச் சட்டம் 1976-இல் ஒழித்தது. சிராவகர்க்கு அத்தடை பல நூற்றாண்டுகளுக்கு முன்பே விதிக்கப்பட்டது என்பதே என் துணிபு. வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் பக்கங்களில் நம்மவர் பெரும்பாலும் நிலமுடையோர். நாற்று நடவும் அறுப்புக்கும் ஆள் வைத்தோர். ஆகவே இக்கதைகளில் கருப்பனோடு சேர்ந்து அழும்போது, கணக்குப் புத்தகம் எவர் கையில் இருந்தது என்பதையும் எண்ணுதல் தகும்.

அமெரிக்க எழுத்தாளர் ஸ்டைன்பெக் 1939-இல் வெளியிட்ட ‘கோபத்தின் கனிகள்’ என்னும் நாவலும் இதே கணக்கைத்தான் கூறுகிறது. புழுதிப்புயலும் வங்கிக்கடனும் ஒக்லஹோமா உழவரை நிலத்திலிருந்து பெயர்க்கின்றன. ஜோட் குடும்பத்தார் பழைய வண்டியொன்றில் கலிபோர்னியா செல்கின்றனர். வேலைக்கு ஆள் தேவை என்ற துண்டறிக்கை தேவைக்கு மேல் பன்மடங்கு அச்சிடப்பட்டது; ஆள் பெருகப் பெருகக் கூலி குறைந்தது. பசித்தவர் பார்த்திருக்க, விலை இறங்கலாகாதென்று பழங்கள் அழிக்கப்பட்டன. அப்பகுதியைக் கிருஷ்ணகிரி மாவட்டத்தார் அயல்நாட்டுச் செய்தியாகப் படிக்க இயலாது. 2025-இல் மாங்கூழ் ஆலைகள் தந்த விலை பறிகூலிக்கும் போதாமல் போனபோது, பெங்களூரா மாங்காய்கள் சாலையோரம் கொட்டப்பட்டன. ஸ்டைன்பெக்கின் நாவலில் எனக்குப் பெரிதாகத் தோன்றுவது ஜோட் வீட்டுத் தாயின் உறுதியன்று. தமக்கே போதாத உணவைச் சூழ நிற்கும் பிறர் குழந்தைகளுக்கும் அவள் பகிர்வது. பொறுமை என்பதனினும் அதற்குத் தானம் என்ற பெயரே பொருந்தும்.

பெயர்ச்சி எல்லாம் அழிவில் முடிவதில்லை என்பதற்குக் கி. ராஜநாராயணனின் ‘கோபல்ல கிராமம்’ (1976) சான்று. வடக்கிலிருந்து அஞ்சி ஓடிவந்த தெலுங்குக் குடும்பங்கள் தென்பாண்டிக் கரிசலில் காடு திருத்தி ஊர் அமைக்கின்றனர். (காடு திருத்தலில் நேரும் உயிர்ச்சேதம் நம் கண்ணுக்கு உறுத்தும், அது வேறு கட்டுரைக்கு உரியது.) அவர்கள் நிமிர்ந்தமைக்குக் காரணம் மனவுறுதி மட்டுமா? திருத்திய நிலம் அவர்களுக்கே உரியதாயிற்று. கருப்பனுக்கு அது கிட்டவில்லை. இருவர் நெஞ்சுரத்தையும் ஒப்பிட்டு ஒருவனைக் குறைத்து மதிப்பிடுவது முறையாகாது. பன்னீராண்டுப் பஞ்சத்தின்போது பத்திரபாகு முனிவர் சங்கத்துடன் தெற்கே வந்தார் என்னும் மரபைப் போற்றும் நாமும், வந்தவர்க்கு ஆகாரதானம் அளித்த பெயரறியா இல்லறத்தாரையும் உடன் நினைக்கலாம்.

போச்சம்பள்ளியில் இப்போது இருதிசைப் பெயர்ச்சி. மானாவாரி பொய்த்த குடும்பங்கள் பொங்கல் கழிந்ததும் பெங்களூருக் கட்டட வேலைக்குச் செல்லும். ஒடிசா, பீகார் மக்கள் இங்குள்ள தொழிற்சாலைகளுக்கு வருகின்றனர். நான் பணியில் இருந்த காலத்தில் தை முடிந்ததும் வகுப்பில் நாலைந்து பெயர்களுக்கு எதிரே வராதோர் குறி தொடர்ந்து விழும். ஆனியில் திரும்பிய சிறுமி ஒருத்தி, மணற்குவியலின் அருகே கூடாரத்தில் தங்கித் தம்பியைப் பார்த்துக்கொண்டதைச் சொன்னாள். “எப்படியம்மா பொறுத்துக்கொண்டாய்?” என்றேன். “வேற என்ன டீச்சர் செய்யறது?” என்றாள்.

அவளுக்கு அப்போது தேவைப்பட்டது என் பாராட்டன்று. விடுபட்ட நான்கு மாதப் பாடம். மாலையில் ஒரு மணி நேரம் வைத்து நடத்தினேன். மறு ஆண்டு அவளைப் போன்றோர் எழுவர் சேர்ந்தனர். இன்று ஒடிசாக் குழந்தைகளுக்குத் தமிழ் எழுத்தும் வேண்டியிருக்கிறது. என் திண்ணையில் இப்போது மூவர் வருகின்றனர். ‘ழ’ மட்டும் இன்னும் நாவுக்கு வசப்படவில்லை.