காடியில் விட்ட இடைவெளி

புளிய மரத்தில் பொதுவாக யாரும் அலமாரி செய்வதில்லை. கொட்டாப்புளி செய்வார்கள், உலக்கை செய்வார்கள். கறிக்கடையில் வெட்டுக்கட்டையாகக் கிடக்கும். எத்தனை வெட்டு வாங்கினாலும் சிலும்பு கறியில் ஒட்டாது என்பது அதன் பெருமை. அடி வாங்குவதற்கென்றே நாம் ஒதுக்கி வைத்திருக்கும் மரம். அதில் புத்தகம் வைக்க, சுவரில் மாட்டுகிற மாதிரி இரண்டடி உயரத்தில் ஓர் அலமாரி வேண்டும் என்றபோது எங்கள் சேத்தியாத்தோப்பு ஆசாரி, "தேக்கு வாங்கிக் குடுத்துடுங்க தம்பி, நாலு நாள்ல முடிச்சிடலாம்" என்றார்.

கட்டை வந்த வழியைச் சொல்ல வேண்டும். விக்கிரவாண்டி–தஞ்சாவூர் சாலையை நான்கு வழியாக்கும் வேலையில் ஓரத்துப் புளிய மரங்கள் விழுந்தன. வருஷா வருஷம் காய்ப்பு ஏலம் போன மரங்கள். கடைசியில் மரமே ஏலம் போயிற்று. விறகுக்குப் போக இருந்த ஒரு துண்டை வாங்கி, பலகையாக அறுத்து, நிழலில் அடுக்கிச் சில வருஷம் காயவிட்டேன். "ஒரு மரத்தைக் காப்பாத்திட்டீங்க" என்று நண்பர்கள் சொன்னார்கள்.

அந்தச் சொல்தான் உறுத்தியது. எதைக் காப்பாற்றினேன்? அந்த நிழலில் பஸ்ஸுக்கு நின்ற கிழவிக்கு என் அலமாரியால் ஒன்றும் இல்லை. நாலு வழிச் சாலையில் வேகமாகப் போகிறவனும் நான், அலமாரி கிடைக்கிறவனும் நான். ஈடு கொடுப்பவனும் வாங்குபவனும் ஒரே ஆளாக இருந்தால் அதற்கு ஈடு என்று பெயர் வைக்கலாமா?

ஜேம்ஸ் கிரெனோவ் என்ற அலமாரித் தச்சர், பலகையின் போக்கைக் கேட்டுத்தான் வடிவத்தை முடிவு செய்ய வேண்டும் என்று வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். 1976இல் வந்த அவருடைய முதல் புத்தகத்தைத் தச்சு வேலை தெரியாதவர்களும் படிக்கலாம். எனக்கு அவர்மேல் மரியாதை உண்டு. ஆனால் அவர் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த பலகைகள் அவை. ஏலத்தில் வந்த கட்டையிடம் போய் 'உனக்கு என்ன விருப்பம்' என்று கேட்பது கொஞ்சம் காலம் கடந்த உபசாரம்.

ஊதாவும் கறுப்புமாக வைரம் பாய்ந்திருந்தது. இழை ஒரு விரற்கடை இப்படிப் போனால் அடுத்த விரற்கடை எதிர்ப்பக்கம் திரும்பும். இழைப்புளி எந்தத் திசையில் போனாலும் எங்கேயாவது பிய்த்தது. நாலு இழுப்புக்கு ஒரு தரம் சாணை. கடைசியில் ஆசாரி இழைப்புளியை ஓரம் வைத்துவிட்டு, உடைந்த கண்ணாடிச் சில்லை எடுத்துப் பொறுமையாகச் சுரண்ட ஆரம்பித்தார்.

கதவுக்குச் சட்டம் கூட்டும்போதுதான் முக்கியமான விஷயம் வந்தது. சட்டத்தின் கழுந்துகளுக்குப் பசை போட்டார், நடுப்பலகைக்குப் போடவில்லை. காடிக்குள் சும்மா சொருகி, இரண்டு பக்கமும் இடைவெளி விட்டார்.

"ஒட்டிட்டா கெட்டியா இருக்குமே?"

"ஒட்டுனா வெடிச்சிடும். மரம் செத்துடுச்சுன்னு நீங்கதான் நெனைக்கிறீங்க. ஐப்பசி மழையில பாருங்க, ஊதும். சித்திரையில சுருங்கும்."

வெட்டிப் பல வருஷமான பலகையும் காற்றின் ஈரத்தை வாங்கி விடும். நீளவாக்கில் அனேகமாக மாறாது, அகலவாக்கில்தான் விரியும். அதிலும் வளையத்தின் போக்கில் விரிவது, மையத்திலிருந்து வெளிநோக்கி விரிவதைப்போல ஏறக்குறைய இருமடங்கு. கணக்கு முடிந்தது என்று நாம் நினைக்கிற பொருள் தன் கணக்கை முடிப்பதே இல்லை.

பக்கத்திலேயே வளையமாதேவி. 2023 ஜூலையில் பரவனாற்றுக்கு மாற்றுக் கால்வாய் வெட்ட, விளைந்துகொண்டிருந்த நெல்லுக்குள் இயந்திரங்கள் இறங்கின. நிலத்தை 2006க்கும் 2013க்கும் இடையில் எடுத்துப் பணமும் கொடுத்தாயிற்று என்றது என்.எல்.சி. காகிதத்தின்படி நிலம் கைமாறிவிட்டது. ஆனால் இத்தனை வருஷமும் அதில் விதைத்துக்கொண்டிருந்தார்கள், அது விளைந்துகொண்டிருந்தது. பிறகு உயர் நீதிமன்றம் பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் கொடுக்கச் சொன்னது. நிலக்கரியே வேண்டாம் என்று பேச எனக்கு வாயில்லை. என் டிரில் மிஷினும் கரண்டில்தான் ஓடுகிறது. ஒரு தேதியில் பசை போட்டு ஒட்டிவிட்டால் அத்தோடு தீர்ந்தது என்ற எண்ணத்தோடுதான் எனக்குச் சண்டை. இழந்தவர்களுக்குள் அதன்பிறகும் ஏதோ ஊதுகிறது, சுருங்குகிறது. அதற்கு எந்த ஒப்பந்தத்திலும் காடி வெட்டி வைப்பதில்லை.

இதை ஆசாரியிடம் சொன்னேன். அவருக்குப் பிடிக்கவில்லை.

"நெலத்தையும் பலகையையும் ஒண்ணாப் பேசாதீங்க தம்பி. பலகைக்கு எவ்ளோ வுடணும்னு எனக்குத் தெரியும். அவுங்களுக்கு எவ்ளோன்னு நீங்களா சொல்லுவீங்க?"

பதில் என்னிடம் இல்லை. 45 டிகிரி சாய்வாக அறுத்த ஒரு கட்டையைச் சுவரில் முடுக்கி, அதற்கு இணையான இன்னொன்றை அலமாரியின் முதுகில் வைத்து மாட்டினோம். புளியங்கட்டையின் கனம், இரண்டு பேர் தூக்க வேண்டியிருந்தது. நடுப்பலகைக்கு அவர் விட்டது பக்கத்துக்கு மூன்று மில்லிமீட்டர். ஐப்பசி கடைசியில் அளந்து பார்த்தேன். ஒன்றரைதான் மிச்சமிருந்தது.