கேட்பதும் ஓர் உழைப்பே

பௌர்ணமிக் கூட்டத்தில் தம்ம உரை நிகழ்கையில் கண்ணயர்ந்துவிடும் உபாசகரைச் சிரத்தையற்றவர் என்று சிலர் பழிக்கின்றனர். இஃது அறமாகுமா என ஆராய்வோம்.

பகவானின் சீடரைக் குறிக்கும் 'சாவகர்' என்னும் பாலிச் சொல்லுக்குக் கேட்பவர் என்பதே பொருள். ஆயினும் கேட்டல் என்பது திறந்த குடத்தில் நீர் விழுவது போன்றதன்று. ஒலி செவிப்பறையை அசைக்கிறது. மூன்று சிற்றெலும்புகள் அவ்வசைவை உட்செவிக்குக் கடத்துகின்றன. அங்குள்ள மயிரணுக்கள் அதை நரம்புக் குறிகளாக்கி மூளைக்கு அனுப்புகின்றன. அவற்றுள் எதைக் கொள்வது, எதைத் தள்ளுவது என்பது மனத்தின் வேலை. 1953-இல் காலின் செர்ரி என்னும் பிரிட்டிஷ் அறிஞர், இரு செவிகளிலும் வெவ்வேறு பேச்சை ஒலிக்கச் செய்து, ஒன்றை மட்டும் திருப்பிச் சொல்லும்படி கேட்போரைப் பணித்தார். மறுசெவியில் ஆங்கிலம் ஜெர்மன் மொழியாக மாறியதையும் அவர்கள் அறிந்திலர்!

இவ்வாறு தேர்ந்து கேட்கையில் உடலும் உழைக்கிறது. தெளிவற்ற பேச்சை முயன்று கேட்போரின் கண்பாவை விரிகிறது. ஒரே கதையைக் கருத்தூன்றிக் கேட்போர் தனித்தனியே இருப்பினும், அவர்தம் இதயத் துடிப்பு ஒத்த இடங்களில் ஏறி இறங்குகிறது என்றும், கவனம் சிதறின் அவ்வொற்றுமை குறைகிறது என்றும் 2021-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி கூறுகிறது.

இனி நம் மக்களை நோக்குவோம். தறிக்கூடத்தின் இரைச்சலில் முப்பதாண்டு நின்றவர் செவியில் மயிரணுக்கள் பல அழிந்திருக்கும். மனிதருக்கு அவை மீண்டும் முளைப்பதில்லை. (நாமும் தறி ஓட்டினவரே, பேசுவோரின் உதட்டைப் பார்த்தே பாதிச் சொற்களை அறிகிறோம்.) ஒலிபெருக்கியை உயர்த்துவதால் மட்டும் இக்குறை தீராது, சொல் உரக்க விழுமேயன்றித் தெளிவாக விழாது. விடுபட்ட சொற்களை ஊகத்தால் நிரப்பி நிரப்பிக் கேட்பவர் விரைவில் களைக்கிறார். இரவு ஷிப்டு முடித்து நேரே விகாரைக்கு வருபவர் நிலையும் ஏறத்தாழ இதுவே.

ஆளவி நகரில் நிகழ்ந்ததைத் தம்மபத உரை கூறுகிறது. தொலைந்த எருதைத் தேடியலைந்த ஏழை உழவன் ஒருவன் பசியோடு சபைக்கு வந்தான். பகவான் முதலில் அவனுக்குச் சோறிடச் செய்தார். பின்னரே தம்மம் உரைத்தார். பிக்குகள் முணுமுணுத்தனர். பசியால் வருந்துபவனுக்கு உரைத்தால் அவன் உணரமாட்டான் என்று பகவான் விளக்கினார்.

வலிமையிருந்தும் மனத்தை வேறிடம் ஓடவிடுபவனிடத்தில்தான் கவனியாமை குற்றமாகிறது. கைபேசியை மடியில் வைத்துத் தலையாட்டுவோர் இவ்வகையினர். களைத்தவரிடத்திலோ, குற்றம் பெரும்பாலும் நீட்டி முழக்கும் பிரசாரகர்களாகிய நம்முடையதே.

அடுத்த பௌர்ணமி முதல் செவி மங்கியோரை முன்வரிசையில் அமர்த்தவும், பேசுவோர் முகத்தில் ஒளி விழுமாறு விளக்கை மாற்றவும், வேலை முடித்து வருவோர்க்கு உரைக்கு முன் கஞ்சி வழங்கவும் சங்கத்தாரை வேண்டுகிறோம்.