அளந்துவிட்டால் போதுமா?

ஒரு சிலையின் உருவம் முழுவதையும் மில்லிமீட்டர் பிசகாமல் கணினியில் வைத்திருக்கிறோம். நாளை அந்தச் சிலை காணாமல்போனால், நாம் இழந்தது எதை? முப்பரிமாண மென்பொருளோடு பழகுகிறவன் என்பதால் இந்தக் கேள்வி எனக்கு வெறும் தத்துவம் இல்லை.

முறை எளியது. பொருளைச் சுற்றி வந்து, ஒன்றன்மேல் ஒன்று பாதிக்கு மேல் படியும்படி படங்கள் எடுக்க வேண்டும். ஒரே புள்ளி பல படங்களில் எங்கெங்கே விழுகிறது என்று மென்பொருள் தேடும். அந்தந்தக் கேமராவிலிருந்து கோடு இழுத்தால், கோடுகள் சந்திக்கும் இடமே அந்தப் புள்ளி. அளவுகோல் ஒன்றைப் பக்கத்தில் வைத்தால் நிஜ அளவும் கிடைத்துவிடும். பளபளக்கும் வெண்கலம் படுத்தும். நாம் நகர்ந்தால் மினுக்கமும் நகரும். சுட்ட மண் சமர்த்தாக ஒத்துழைக்கும். எதுவானாலும் கிடைப்பது மேல்தோல் மட்டும்தான்.

2001இல் பாமியான் புத்தர்களைத் தகர்த்தார்கள். 1970இல் ஆஸ்திரியப் பேராசிரியர் ராபர்ட் கோஸ்ட்கா எடுத்துவைத்திருந்த அளவைப் படங்களில் மூன்றை வைத்து, சூரிச்சில் ஆர்மின் குரூன் குழுவினர் பெரிய புத்தரைக் கணினியில் மீட்டெடுத்தார்கள். பெரிய சாதனை. ஆனால் மலையில் மாடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.

நம்மூர்க் கதை வேறு மாதிரி. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலில் திருடுபோன நடராஜரை 2008இல் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 50 லட்சம் டாலருக்கு வாங்கியது. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் பழைய புகைப்படங்கள்தான் உண்மையை வெளியே கொண்டுவந்தன. 2014இல் நடராஜர் திரும்பினார். சாதாரணப் படமே இவ்வளவு செய்யுமென்றால், முழு அளவும் கையில் இருந்தால் எந்தக் கள்ளனும் மறுக்க முடியாது. ஆகவே அளந்துவைப்பது கடமை என்றே நினைக்கிறேன். ஆனால் அந்தப் படங்கள் பெட்டியில் கிடந்தவரை சிலையைக் காக்கவில்லை. யாரோ எடுத்து, ஒப்பிட்டு, "இது எங்களுடையது" என்று கேட்டபோதுதான் அவை சாட்சியாயின.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. அய்யனார் கோயில் மண்குதிரைகளைப் படமெடுத்து வைக்கலாமே என்று எங்கள் பக்கத்து வேளார் ஒருவரிடம் சொன்னேன். "எடுத்துக்கங்க தம்பி. ஆனா வச்சுக்கிறதுக்கா செய்யுறோம்? ஊர்க்காரவுக பிடிமண் குடுப்பாக, நாங்க செஞ்சு குடுப்போம். பழசு கரையட்டும். கரைஞ்சாத்தான அடுத்து கேக்க வருவாக" என்றார். அவருக்குக் குதிரை ஒரு பொருள் அல்ல. ஊருக்கும் அவருக்கும் இடையே ஓடும் ஒப்பந்தம். அதை அச்சடித்துக் கொடுத்தால் குதிரை மிஞ்சும், ஒப்பந்தம் போய்விடும். எந்தக் கேமரா கோணத்திலும் பிடிமண் தெரியாது.

அப்படியானால் அளவு எதற்கு? ஆமத்தூரிலிருந்து சிவகாசி போகிற வழியெங்கும் பட்டாசு ஆலைகள். ஒவ்வொரு அறையின் சுவரிலும் இத்தனை பேர், இத்தனை கிலோ மருந்து என்று எழுதியிருக்கும். அதுவும் அளவுதான். எழுதியதால் யாரும் பிழைப்பதில்லை. எழுதியபடி நடந்தால்தான் பிழைக்கலாம். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் 35 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். வெடித்த பிறகு இடிபாட்டை எவ்வளவு துல்லியமாகவும் அளக்கலாம். அந்த அறைகளில் இருந்தவர்களை எந்தப் படத்திலிருந்தும் மீட்டெடுக்க முடியாது.

அளப்பதால் ஒரு பொருள் நம்முடையதாகிவிடுவதில்லை. அதற்கு நாம் பொறுப்பாளி ஆகிறோம், அவ்வளவுதான். நடராஜரை அளந்தவன் அவர் காணாமல்போனால் தேடிப் போக வேண்டும். குதிரையை அளந்தவன் அடுத்த திருவிழாவுக்குப் பிடிமண் போகிறதா என்று கேட்க வேண்டும். சுவரில் எண்ணை எழுதியவர் உள்ளே எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். அதற்கெல்லாம் மனசில்லை என்றால், நம்மிடம் இருப்பது அழகான கோப்பு, அவ்வளவே.